வாயை மூடு தம்பி, போட்டோ எடுக்கணும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் நீளமாவே கொசுவர்த்தி சுத்தப் போறேன். பொறுமை இருக்கறவங்க ஒரு டீயைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

விஷயம் ஆரம்பிச்சது என் தங்கச்சி மகளால. ப்ளஸ் டூ முடிக்கப் போறா. அவ பள்ளிக்கூடத்துல வெளியில இருந்து ஒரு போட்டோகிராபரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா படம் எடுத்திருக்காங்க. கறுப்பு அங்கி, தலையில குஞ்சம் வெச்ச தொப்பி, கையில ரிப்பன் கட்டின வெத்துக் காகிதச் சுருள். அது ஒரு படம். அப்புறம் "உனக்குப் பிடிச்ச மாதிரி நில்லு"ன்னு இன்னொரு படம். அவ தன்னோட பூப்பந்து மட்டையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கா. பாத்தா அப்படியே அவதான். வாயாடி, பிடிவாதக்காரி, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, எல்லாம் அந்த ஒரு படத்துல இருக்கு.

"மாமா, ஒங்க ப்ளஸ் டூ போட்டோவைக் காட்டுங்க"ன்னு கேட்டா. பீரோவைக் குடைஞ்சு எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஸ்டாம்ப் சைஸ், ஒரு குரூப் போட்டோ. அவ்வளவுதான் என் பதினேழு வயசு. ஸ்டாம்ப் சைஸைப் பாத்துட்டு, "என்ன மாமா, போலீஸ்ல பிடிச்சு வெச்சு எடுத்த மாதிரி இருக்கீங்க"ன்னுட்டா. சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. அந்தக் குரூப் போட்டோவுல இருக்கிற இன்னொரு ஆள்தான் காரணம். அவனைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பள்ளிப்படிப்பை முடிக்கிற வயசுல ஒருத்தரை அவர் குணம் தெரியற மாதிரி படம் எடுத்து வைக்கிற வழக்கம் அமெரிக்காவுல ரொம்பப் பழசு. 1860-கள்லயே ஜார்ஜ் வாரன்னு ஒரு புகைப்படக்காரர் ஹார்வர்டு மாதிரி கல்லூரிகளுக்குப் போய், படிப்பை முடிக்கிற பையன்களை ஒவ்வொருத்தரா எடுத்து, படிகள் போட்டு அவங்களுக்கே வித்திருக்கார். வாங்கின பையன்கள் அதை ஆல்பமா கட்டி வெச்சுக்கிட்டாங்க. அதுவே பின்னாடி பள்ளிக்கூடங்களுக்கும் பரவி, வருஷா வருஷம் போடற ஆண்டு மலர் ஆச்சு.

2015-ல பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஆண்டு மலர்கள்ல இருந்து 1905 முதல் 2013 வரைக்குமான ஏறக்குறைய 38 ஆயிரம் முகங்களை எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டு ஆராய்ஞ்சாங்க. என்ன தெரிஞ்சது தெரியுமா? பழைய படங்கள்ல யாரும் சிரிக்கலை. வருஷம் ஆக ஆக உதட்டோட வளைவு கூடிக்கிட்டே போகுது. அதாவது போட்டோவுல சிரிக்கறதுங்கறது பிறவியில வந்த பழக்கம் இல்லை. கத்துக்கிட்டது. அங்கேயே அப்படின்னா நம்ம ஊர்ல கேக்கணுமா?

நம்ம மதுரைக்குக் கேமரா வந்த கதையில இருந்து ஆரம்பிக்கறேன்.

பாரிஸ்ல 1839-ல புகைப்படக் கலையை உலகத்துக்கு அறிவிச்சாங்க. 1856-ல மெட்ராஸ்ல போட்டோகிராபிக் சொசைட்டி வந்துருச்சு. ஓவியக் கல்லூரியை ஆரம்பிச்ச அலெக்ஸாண்டர் ஹன்டர்தான் அதுக்கும் முன்னின்னவர். அதே வருஷம் லினேயஸ் டிரைப்னு ஒரு ராணுவ கேப்டனை மெட்ராஸ் மாகாணத்தோட அரசுப் புகைப்படக்காரரா போட்டாங்க. அவர் 1857 டிசம்பர்ல கிளம்பி, பெட்டி பெட்டியா சாமான்களை ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுத்தினார். 1858-ல மதுரைப் படங்கள் மட்டுமே நாலு பாகமா வந்துச்சு. மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம், பிளாக்பர்ன் நினைவா நிறுத்தின விளக்குத்தூண்னு எல்லாம் இருக்கு. பிளாக்பர்ன்தான் 1840-கள்ல கோட்டைச் சுவரை இடிச்சு, நாம இன்னைக்கு நடக்கிற வெளி வீதிகளுக்கு வழி பண்ணின கலெக்டர்.

அந்தப் படங்களைப் பாத்திருக்கீங்களா? அழகோ அழகு. ஆனா ஊரே காலியா இருக்கும். விளக்குத்தூண் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேரத்தை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்லை. அப்புறம் எப்படி?

டிரைப் பயன்படுத்தினது மெழுகு ஏத்தின காகித நெகடிவ். ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்குல லென்ஸைத் திறந்து வைக்கணும். கல்லுத் தூண் அசையாது, அதனால பதிஞ்சுரும். நடந்து போனவன், கூடை தூக்கினவ, ஓடி விளையாடின பையன் எல்லாம் பதியவே மாட்டாங்க. அசையறவன் படத்துல இருந்து மறைஞ்சு போவான். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில தேவைப்படும்.

(செலவு ஜாஸ்தின்னு கவர்னர் டிரவெல்யன் 1859-ல இந்த வேலையையே நிறுத்திட்டார். அரசாங்கம் அன்னைக்கும் அப்படித்தான்.)

அப்புறம் கேமரா மனுஷங்க பக்கம் திரும்புச்சு. ஆனா எதுக்குத் திரும்புச்சுன்னு பாக்கணும். 'இந்திய மக்கள்'னு 1868-ல இருந்து 1875 வரைக்கும் எட்டுத் தொகுதி போட்டாங்க. இந்த ஜாதி இப்படி இருப்பான், அந்த ஜாதி அப்படி இருப்பான்னு வகை பிரிச்சு, நாலு நாலு வரி குறிப்போட படங்கள். நம்ம தெற்குச் சீமைக்கு வந்தா எட்கர் தர்ஸ்டன். மெட்ராஸ் மியூசியத்தோட கண்காணிப்பாளர். மூக்கு நீளம், மண்டை அகலம்னு அளவெடுத்துக்கிட்டே ஊர் ஊராப் போனவர். அவரும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909-ல ஏழு தொகுதி வெளியிட்டாங்க. அந்தப் படங்கள்லயும் வாலிபப் பிள்ளைங்க இருக்காங்க. ஆனா பேரு இல்லை. ஜாதிப் பேரு மட்டும் இருக்கும். அவன் கோபக்காரனா, பாட்டுப் பாடுவானா, யாரை நெனச்சுக்கிட்டு நின்னான்னு எதுவும் கிடையாது. அளவு மட்டும்தான்.

மதுரைக்கு மேக்க, உசிலம்பட்டிப் பக்கம் போனீங்கன்னா போட்டோ கூட இல்லை. ரேகைதான். குற்றப் பரம்பரைச் சட்டத்தை அந்தச் சீமையில கொண்டு வந்து, ஆம்பளைங்களோட கைரேகையைப் பதியச் சொன்னாங்க. பெருங்காமநல்லூர்க்காரங்க மாட்டேன்னு எதிர்த்து நின்னாங்க. 1920 ஏப்ரல் 3-ந் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டுல மாயக்காள்ங்கற ஒரு பொம்பளையோட சேத்து 16 பேர் செத்தாங்க. மெட்ராஸ் மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிஞ்சது 1947-ல. அதுவரைக்கும் அந்தப் பக்கத்து வாலிபப் பையனைப் பத்தி அரசாங்கம் எடுத்து வெச்சிருந்த சித்திரம் ஒரு மைக் கறைதான். ஒருத்தனை அடையாளம் காட்டறதும் ஒருத்தன் யாருன்னு காட்டறதும் ரெண்டு வேற வேலைன்னு புரிஞ்சுக்க இதை விட உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொரு பையன் கதை. இவன் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில படிச்சவன். மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்துல சொக்கப்ப நாயக்கன் தெருவுல சித்தப்பா வீடு. பாடத்துல பெரிய அக்கறை இல்லை, கால்பந்து, மல்யுத்தம்னா உசிர். 1896 ஆகஸ்ட் 29-ந் தேதி, அண்ணனோட காலேஜ் ஃபீஸ் அஞ்சு ரூபாயைக் கட்டிட்டு வர்றேன்னு வாங்கி, அதுல மூணு ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு, ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டு, ரயிலேறிட்டான். வயசு பதினாறு. பேரு வேங்கடராமன். ஆமாங்க, பின்னாள்ல ரமண மகரிஷி.

அவரோட வயசான முகத்தை நாம எத்தனை காலண்டர்ல பாத்திருப்போம்! ஆனா கிடைக்கிற படங்கள்ல ஆகப் பழையதே அவர் திருவண்ணாமலை போய்ச் சில வருஷம் கழிச்சு எடுத்ததுதான். கால்பந்து ஆடின மதுரைப் பையனோட படம் ஒண்ணும் நமக்குக் கிடைக்கலை. அந்தக் காலத்துல சாதாரணக் குடும்பத்துல ஒரு பள்ளிக்கூடப் பையனைப் போட்டோ எடுக்கணும்னு யாருக்குத் தோணும்? போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் ஊர் ஊருக்கு ஸ்டூடியோ வந்துச்சு. மதுரையில டவுன் ஹால் ரோடு, மாசி வீதி, வெளி வீதின்னு நடந்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள கல்யாண ஜோடிகள் நம்மளையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. கரண்டு வெளிச்சம் வராத காலத்து ஸ்டூடியோக்கள் மாடியில இருக்கும். கூரையில கண்ணாடி பதிச்சு, கீழே வெள்ளைத் துணி கட்டி, அதை இழுத்து இழுத்து வெயிலைக் கூட்டிக் குறைப்பாங்க. பின்னால திரையில படிக்கட்டு, தூண், பூந்தொட்டி, தூரத்துல ஏரி, எல்லாம் பெயிண்ட்லதான். மூணு கால் ஸ்டாண்டுல மரப்பெட்டிக் கேமரா. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா, தேய்ச்ச கண்ணாடியில நாம தலைகீழாத் தெரிவோம். எடுத்த பிறகும் வேலை முடியாது. நெகடிவை சாய்வு மேசையில வெச்சு, கூரான பென்சிலால அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழ கருவளையம் எல்லாத்தையும் நிரவுவாங்க. டச்சிங்னு பேரு. நல்லா டச்சிங் பண்ற ஆளுக்கு கிராக்கி ஜாஸ்தி. அவர் கை பட்டுட்டா எல்லாரும் ஒரே மாதிரி வழவழன்னு ஆயிருவாங்க, அது வேற விஷயம்.

இந்த ஸ்டூடியோக்குள்ள வயசுப் பிள்ளைங்க எப்ப போனாங்க? பொண்ணுங்கன்னா சடங்கு சுத்தினப்ப. உங்க வீட்டுலயும் இருக்கும், போய்ப் பாருங்க. பட்டுப் பாவாடை தாவணி, தைச்ச பூச்சடை, அந்தச் சடை தெரியணும்னு பின்னால ஒரு ஆளுயரக் கண்ணாடி. எங்க அம்மாவுக்கும் அதே படம்தான் இருக்கு. பதினாலு வயசு. கண்ணாடியில சடை ரொம்பத் தெளிவு. மல்லிகை மொட்டை ஒவ்வொண்ணா எண்ணலாம். முகத்துல மட்டும் ஒண்ணும் இல்லை. "என்னம்மா நெனச்சுக்கிட்டு நின்ன?"ன்னு ஒரு தரம் கேட்டேன். "தலை கனம் தாங்கலைடா, எப்ப அவுப்பாங்கன்னு நெனச்சேன்"னுச்சு. "அதோட, பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்கல்ல"ன்னு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிச்சு. அந்தப் படத்தை எடுத்தது அம்மாவுக்காக இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட.

ஆக நம்ம ஊர்ல ஒரு வயசுப் பிள்ளையோட படம்னா ரெண்டே காரணம். ஒண்ணு கல்யாணச் சந்தை, இல்லைன்னா சர்க்கார் விண்ணப்பம். அந்தப் பிள்ளை தனக்காக எடுத்துக்கிட்ட படம்னு ஒண்ணு உண்டா?

உண்டு. ஒரு படம் இருக்கு. அதுலயும் மதுரைப் பொண்ணு ஒண்ணு இருக்கு.

1937-ல எடுத்ததுன்னு சொல்றாங்க. ஒரு ஸ்டூடியோ. ரெண்டு இளம் பெண்கள். ரெண்டு பேரும் மேல்நாட்டுப் பாணி ராத்திரி உடுப்புல, சிகரெட் பிடிக்கிற மாதிரி போஸ். வீட்டுக்குத் தெரியாமப் போய் எடுத்துக்கிட்ட விளையாட்டு. ஒருத்தர் பாலசரஸ்வதி, 1918-ல பொறந்தவர், அப்ப பதினெட்டு பத்தொன்பது வயசு. இன்னொருத்தர் யாருன்னு நெனைக்கிறீங்க? எம்.எஸ். சுப்புலட்சுமி!

மீனாட்சி கோயில் நிழல்ல, வீணை சண்முகவடிவு மகளா 1916-ல பொறந்து, 1926-லயே இசைத்தட்டுக்குப் பாடின பொண்ணு. 1940-ல கல்யாணம், 1945-ல 'மீரா', அப்புறம் வைரத்தோடு, பட்டுப்புடவை, குங்குமம்னு நாடே கையெடுத்துக் கும்பிட்ட முகம். அந்த முகத்துக்கு முன்னாடி இப்படி ஒரு குறும்புக்காரப் பொண்ணு இருந்திருக்கு. படம் ரொம்ப வருஷம் கழிச்சுப் பொதுவுல வந்தப்ப கொஞ்சப் பேருக்கு அதிர்ச்சி. எனக்கு அதிர்ச்சி இல்லைங்க, சந்தோஷம். பாட்டு, நாட்டியம், குடும்பப் பேருன்னு எத்தனையோ பாரம் சுமந்த ரெண்டு பிள்ளைங்க, ஒரு மத்தியானம் தங்களுக்காக மட்டும் காசு கொடுத்து ஒரு படம் எடுத்துக்கிட்டிருக்காங்க. ஊருக்கு, மாப்பிள்ளைக்கு, சபாவுக்குன்னு இல்லாம அதை எடுத்ததாலதான் அதுல ஆள் தெரியுது.

இனிமே என் கதை.

எண்பதுகளோட கடைசி. தமிழ்நாட்டுல ப்ளஸ் டூ வந்து பத்து வருஷம் ஆயிருந்த நேரம். திருமங்கலம் பக்கம் எங்க ஊரு. என் சிநேகிதன் செல்லம்பட்டிப் பக்கத்துல இருந்து வருவான். பேரு வேண்டாம். நல்ல கபடி ஆட்டக்காரன். முன் பல்லு ஒண்ணு லேசா ஏறி நிக்கும். அது தெரிய எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருப்பான். வாத்தியார் அடிக்கும்போதும் சிரிப்பான், அதுக்கு ரெண்டு அடி சேத்து வாங்குவான்.

பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்குப் படம் வேணும்னு ரெண்டு பேரும் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். ஸ்டூடியோ வாசல்ல ஒரு கண்ணாடி, பக்கத்துல பல்லு உடைஞ்ச சீப்பு, ஒரு பவுடர் டப்பா. பவுடரை அப்பிக்கிட்டு நான் உள்ள போனேன், சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி. அதைப் பாத்து அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவன் முறை வந்தப்பவும் சிரிப்பு அடங்கலை.

ஸ்டூடியோக்காரர், இடுப்பளவுல தொங்கவிட்டு மேல இருந்து குனிஞ்சு பாக்கிற ரெட்டை லென்ஸ் கேமரா வெச்சிருந்தார். ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படம். ஊட்டி தொழிற்சாலையோட 'இந்து' ஃபிலிமோ, வெளிநாட்டு ஃபிலிமோ, எதுவா இருந்தாலும் ஒரு கட்டம் காசுதான். "வாயை மூடு தம்பி. பல்லு தெரியக் கூடாது. திருப்பி அனுப்பிருவாங்க"ன்னார். மூடினான். தோளை நிமித்தச் சொன்னார். நிமித்தினான். கன்னத்தைப் பிடிச்சு ஒரு பக்கமாத் திருப்பினார். க்ளிக். வெளிய வந்ததும் மறுபடி சிரிக்க ஆரம்பிச்சான்.

"அண்ணே, சும்மா ஒண்ணு சிரிச்ச மாதிரி எடுங்கண்ணே"ன்னு அவன் கேட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "தனிக் காசு ஆகும்டா தம்பி"ன்னார் அவர். கையில பஸ்ஸுக்குக் காசு இருந்துச்சு, ஆளுக்கு ஒரு புரோட்டாவுக்கு இருந்துச்சு. புரோட்டாவா போட்டோவான்னு யோசிச்சோம். புரோட்டா சாப்பிட்டோம். அந்த வயசுல யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் புரோட்டாவைப் பாத்தா ஒரு கணம் எனக்கு அது வந்து போகும்.

அதுக்கடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ. நடுவுல நாற்காலியில வாத்தியார்கள், தரையில குள்ளப் பசங்க, பின்னால பெஞ்சு மேல நெட்டைப் பசங்க, முன்னால சிலேட்டுல சாக்பீஸால வகுப்பும் வருஷமும். வந்தவர் பழைய ஆளு, பழைய மரப்பெட்டிக் கேமரா. "யாரும் அசையாதீங்க"ன்னு சொல்லி, லென்ஸ் மூடியைக் கழட்டி, காத்துல ஒரு சுத்து சுத்தி, மறுபடி மூடினார். அந்த ஒரு விநாடியில இவன் பக்கத்துல நின்னவன்கிட்ட திரும்பி என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டான். படம் வந்தப்ப அவன் தலை மட்டும் புகை மாதிரி கலங்கி இருந்துச்சு. கிளாஸ் வாத்தியாருக்குக் கோவம். "மொத்தப் படத்தையும் கெடுத்துட்டியேடா"ன்னு திட்டினார். அப்பவும் சிரிச்சான்.

ரெண்டு வருஷம் கழிச்சு அவன் ஒரு சாலை விபத்துல போயிட்டான்.

பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேணும். வீட்டுல இருந்தது மிஞ்சின ஒரே ஒரு ஸ்டாம்ப் சைஸ். அதைப் பக்கத்து ஊர்க் கடையில கொடுத்துப் பெருசு பண்ணினாங்க. சின்னப் படத்தைத் திருப்பிப் படம் எடுத்துப் பெருசாக்கினா புள்ளி புள்ளியா உடையும். அதை மறைக்க டச்சிங். புருவத்தை வரைஞ்சு, உதட்டை வரைஞ்சு, சட்டைக்கு மேல ஒரு கோட்டு வேற மாட்டி விட்டுட்டாங்க. அவனோட அம்மா அந்தச் சட்டத்தையே ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டுச்சு: "ஏம்ப்பா, இது எம்புள்ள மாதிரி இல்லையே?"

என்ன பதில் சொல்றது?

அடுத்த நாளே டவுன் ஹால் ரோட்டுக்கு ஓடினேன். போட்டோ கொடுத்த காகித உறையில நெகடிவ் நம்பர் எழுதியிருப்பாங்க, என் உறை பத்திரமா இருந்துச்சு. அவனோடது என் நம்பருக்கு அடுத்தது. ஸ்டூடியோக்காரர் பழைய பெட்டிகளை இறக்கி, வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்துக் கண்டுபிடிச்சார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசலை. நெகடிவ்ல இருந்து நேராப் பெருசு போட்டுக் கொடுத்தார். டச்சிங் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். காசு வாங்கிக்கலை. "அன்னைக்கு அந்தப் பையன் சிரிச்ச மாதிரி ஒண்ணு கேட்டான்ல"ன்னார். அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கு.

இந்தப் படத்துல அவனோட தோல் தெரிஞ்சுது, நெத்தித் தழும்பு தெரிஞ்சுது. ஆனா வாய் மூடித்தான் இருந்துச்சு. அவங்கம்மா வாங்கி வெச்சுக்கிச்சு. அப்புறம் நான் தயங்கித் தயங்கிக் குரூப் போட்டோவையும் காட்டினேன். பின் வரிசையில கலங்கின தலை. கண்ணு எது, மூக்கு எதுன்னு பிரிக்க முடியாது. ஆனா அந்தக் கலங்கலுக்குள்ள வெள்ளையா ஒரு கீத்து, அவன் பல்லு. அந்தம்மா விரலை அது மேல வெச்சு, "இந்தா, இவன்தான்"னு சொல்லிச்சு. அந்தப் படத்தை நான் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். இப்ப என்கிட்ட இருக்கறது பிறகு இன்னொரு சிநேகிதன்கிட்ட வாங்கிப் போட்ட பிரதி.

அசையறவன் மறைஞ்சு போவான்னு டிரைப் கதையில சொன்னேன்ல? எங்க படத்துல அசைஞ்சவன் ஒருத்தன்தான், தான் யாருன்னு காட்டிட்டுப் போயிருக்கான்.

இதுல பெரிய மனுஷங்களுக்கும் விதிவிலக்கு இல்லை. கணிதமேதை ராமானுஜன் 1920-ல தன்னோட 32-வது வயசுல காலமானார். 1936-ல ஹார்டி அவரைப் பத்தி விரிவுரை எழுதும்போது ஒரு நல்ல படம் வேணும்னு விஞ்ஞானி எஸ். சந்திரசேகர்கிட்ட கேட்டார். சந்திரசேகர் ராமானுஜனோட மனைவி ஜானகி அம்மாளைப் போய்ப் பாத்தார். அங்க கிடைச்சது என்ன தெரியுமா? 1919-ல ஊர் திரும்பறதுக்காக எடுத்த பாஸ்போர்ட் படம். உடம்பு சரியில்லாத, கண்ணு மட்டும் தீயா இருக்கிற அந்த முகம். இன்னைக்கு நாம பாடப் புத்தகத்துலயும் தபால் தலையிலயும் பாக்கறதெல்லாம் அதோட வழித்தோன்றல்தான். எண்பதுகள்ல பால் கிரான்லண்டுங்கற அமெரிக்கச் சிற்பி வடிச்ச வெண்கலத் தலைக்கும் ஆதாரம் அதே படம்தான். கும்பகோணம் பள்ளிக்கூடத்துல சிலேட்டோட சுத்தின பையன் எப்படி இருந்தான்னு யாருக்கும் தெரியாது. சர்க்கார் கேட்டதால ஒரு முகம் மிஞ்சிச்சு, அதுவும் தற்செயலா.

அந்த டவுன் ஹால் ரோடு ஸ்டூடியோ இப்ப இல்லை. செல்போன் கடை வந்துருச்சு. நெகடிவ் பெட்டிகள் என்ன ஆச்சுன்னு அவர் மகன்கிட்ட விசாரிச்சேன். வெள்ளி எடுக்கறவங்ககிட்ட எடை போட்டுக் கொடுத்துட்டாங்களாம். கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல நம்ம முகத்தைப் பதிச்சு வெச்சிருக்கறதே வெள்ளித் துகள்தான். அதைக் கரைச்சு எடுத்தா கொஞ்சம் காசு வரும். கண்ணாடித் தகடுகளா இருந்தா கழுவி ஜன்னலுக்கோ சட்டத்துக்கோ போட்டுருவாங்க. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். வாடகை யார் கொடுப்பா? ஒரு காலத்து மதுரைப் பிள்ளைங்க மொத்தப் பேரும் கொலுசாவோ அரைஞாணாவோ மறு ஜென்மம் எடுத்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

நல்ல வேளையா எல்லாம் போயிடலை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் சிலர் 2010-கள்ல, பிரிட்டிஷ் நூலகத்தோட அழியற ஆவணங்களுக்கான திட்ட உதவியோட, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், மிஞ்சின படங்களையும் நெகடிவ்களையும் டிஜிட்டலாக்கி இருக்காங்க. அவங்க கும்பிடப்பட வேண்டியவங்க. ஆனா அவங்களால எத்தனை பரண் ஏற முடியும்? மிச்சப் பரண் எல்லாம் நம்ம வீட்டுலதான் இருக்கு.

இப்ப பிள்ளைங்களுக்குப் படத்துக்குப் பஞ்சமில்லை. என் தங்கச்சி மக போன்ல ஆயிரக் கணக்குல இருக்கு. ஆனா அதுலயும் பாதி டச்சிங்தான். பென்சிலுக்குப் பதிலா ஃபில்டர், அம்மைத் தழும்புக்குப் பதிலா பரு, கோட்டு மாட்டறதுக்குப் பதிலா பூனைக் காது. அவளே சொன்னா, "மாமா, இதுல எதுவும் நான் இல்லை, அந்த மட்டையோட நிக்கறதுதான் நான்." அதை மட்டும் பிரிண்டு போட்டு, பின்னால பேரு, ஊரு, தேதி எழுதி, எங்க அம்மாவோட பூச்சடைப் படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். அம்மா ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "இவளுக்குத் தலையில கனமே இல்லை பாரு"ன்னு சொல்லிச்சு.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் மக்களே. இந்த வாரம் பரண்ல இருந்து அந்தத் தகரப் பெட்டியை இறக்குங்க. படத்துல இருக்கறது யாருன்னு சொல்லத் தெரிஞ்ச பெருசுங்க இருக்கும்போதே கேட்டுப் பின்னால எழுதி வைங்க. கலங்கிப் போன படம், கண்ணு மூடின படம், யாரோ அசைஞ்சு கெட்டுப் போன படம் இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க. யார் கண்டா, அதுலதான் ஆள் இருப்பாங்க.

டிஸ்கி: புரோட்டாவைப் பத்தி நான் குறையா எதுவும் சொல்லலை. மதுரைக்காரன் அப்படிச் சொன்னா ஊருக்குள்ள விட மாட்டாங்க. ஆனா உங்க வீட்டுப் பிள்ளை, "சும்மா ஒண்ணு சிரிச்ச மாதிரி எடுங்க"ன்னு கேட்டா, எடுத்துருங்க.